புளோவர் நின்ற இரவு

வட்டக்கச்சியில் ஓடுகின்ற வாகனத்துக்கு ஹீற்றர் எதற்கு என்று கேட்பவரை நாம் குறை கூறமாட்டோம். சித்திரை மாதத்து நண்பகலில், வெயிலில் நிறுத்திய வாகனத்தின் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சூரிய பகவானே இலவசமாக ஒரு ஹீற்றரைப் பூட்டித் தந்திருக்கிறார் என்பது நன்கு தெரியும். பனி கொட்டும் தேசங்களுக்கென்று செய்யப்பட்ட அப்பொருள் நமது வன்னி மண்ணில் வேலையற்ற விருந்தாளி என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மார்கழி மாதத்து மழை இரவு ஒன்று அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது.

அன்று இரவு பத்து மணிக்குப் பின்னர் அயல் வீட்டுச் சிறுவனுக்கு முட்டு இழுக்கத் தொடங்கிற்று. எமது பழைய யப்பான் வானில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். சிறுவன், தாய், தாய்மாமன், பாட்டி என நனைந்த உடையோடு எல்லோரும் ஏறிக்கொண்டனர். கால் மைல் போவதற்குள் முன் கண்ணாடி முழுவதும் உட்புறமாகப் பனி படர்ந்து பால் நிறமாகிவிட்டது. வைப்பர் வெளியே பாடுபட்டுத் துடைத்தது. உள்ளே படிந்த ஈரத்தை அது என்ன செய்யும்? காற்றூதும் புளோவரின் சுவிச்சைத் திருப்பினோம். சத்தமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லா எண்களுக்கும் திருப்பினோம். மூச்சுக்கூட வரவில்லை.

பக்கக் கண்ணாடியை இறக்கினால் பனி கலையும். ஆனால் மழைச் சாரல் முட்டு இழுக்கும் பிள்ளையின் மேல் அடிக்கும். ஆகவே மாமன் துவாயால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வர, நாம் துடைத்த இடத்தின் வழியே எட்டிப் பார்த்து ஓட்டினோம். வன்னி வீதிகளில் மழைக்காலத்து இரவுகளில் மாடுகள் தார்ச்சூட்டை நாடி வந்து படுத்துக்கொள்வதை வாசகர்கள் அறிவார்கள்.

“அண்ணை, மாடு நிக்குது!”

மாமன் அலறிய சத்தமும் பிரேக்கின் சத்தமும் ஒன்றாகவே எழுந்தன. வாகனம் நின்றபோது வெளிச்சத்தில் தெரிந்த மாட்டுக்கும் எமக்கும் இடையே ஒரு பாகத் தூரந்தான் இருந்தது. மிகுதி வழியை நடைவேகத்திலேயே கடந்தோம். வைத்தியசாலையில் மருந்துப் புகை பிடித்தார்கள். விடியுமுன் சிறுவன் நலமாக உறங்கிவிட்டான். நமக்குத்தான் உறக்கம் வரவில்லை. ஏனெனில் அந்தப் புளோவர் அன்று திடீரென நின்றதன்று. பல மாதங்களாகவே அது நமக்கு எச்சரிக்கை செய்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எண்களில் ஊதாமல், நான்கில் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. நான்கு வேலை செய்கிறதே, அது போதாதா என்று நாம் வாளாவிருந்தோம். குற்றம் வாகனத்தினதன்று.

இனி, இப்பொருள் இன்னதென்று பார்ப்போம். ஹீற்றர் என்றும் ஏசி என்றும் இரண்டு பெயர்கள் இருந்தாலும், இரண்டுக்கும் காற்றை ஊதிக்கொடுப்பது ஒரே புளோவர்தான். டாஷ்போட்டின் உள்ளே, சாரதிக்கு இடப்பக்கத்து இருக்கையில் அமர்பவரின் முழங்காலுக்கு எதிரே, ஒரு சிறு மோட்டரும் அதன் நுனியில் அணிற்கூண்டு போன்ற சிறகுச் சக்கரமும் இருக்கும். அது சுழன்று காற்றை இழுத்துக் குழாய்களினூடே தள்ளுகிறது. வழியில் முதலில் ஏசியின் குளிர்க்கூடு காற்றிலுள்ள ஈரத்தை வடித்துவிடுகிறது. அதன் பின் இருப்பது ஹீற்றர்க் கூடு. இயந்திரத்தைக் குளிரவைத்துச் சூடேறிய நீர், கையகலமான சிறு ரேடியேற்றர் ஒன்றினூடே பாய்கிறது. அதைத் தொட்டுச் செல்லும் காற்று சூடாகிறது. நெருப்பு ஏதுமில்லை. இயந்திரம் வீணாக வெளியே விடும் வெப்பத்தையே பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனந்தான் இது.

இவ்வேற்பாட்டின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் நாஷ் கம்பனி 1938 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, இயந்திரத்தின் சுடுநீரால் வெதுப்பி உள்ளே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பக்காட் கம்பனி 1940 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் குளிரூட்டியைப் பொருத்தியபோது, அதன் பெரும்பகுதி காரின் பின்புறப் பெட்டியை அடைத்துக்கொண்டது. சூட்டையும் குளிரையும் ஒரே அமைப்பில் இணைத்து முன்புறத்திலேயே அடக்கியதும் நாஷ் கம்பனியேயாகும். அது 1954 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நமது ஊர்களில் தலைமுறைகளாக ஓடிய மொறிஸ் மைனர் காருக்கு ஹீற்றர் தனியே பணங்கொடுத்து வாங்கிப் பூட்டவேண்டிய பொருளாக இருந்தது. இலங்கையில் அதை விரும்பியவர் நுவரெலியாப் பக்கத்தவராகவே இருந்திருக்க வேண்டும்.

ஆயினும் வன்னியிலும் புளோவருக்கு மூன்று பணிகள் உண்டு. வெயில் காலத்தில் ஏசியின் குளிரைப் பரப்புவது முதற்பணி. மழைக்காலத்தில் கண்ணாடியைத் தெளிவாக்குவது இரண்டாவது. அப்போது காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்றை எடுக்கவிட்டு, ஏசியையும் ஹீற்றரையும் சேர்த்துப் போட வேண்டும். குளிர்க்கூடு ஈரத்தை வடிக்க, ஹீற்றர் வெதுப்ப, உலர்ந்த சூடான காற்று பனியை உடனே துடைத்துவிடும். மூன்றாவது பணி பலருக்குத் தெரியாதது. வெயிலில் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்துப் புளோவரை நான்கில் சுழலவிட்டால், அது இரண்டாவது ரேடியேற்றராக உதவும். கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, நிழலான இடம் வரை ஓட்டிச் சென்று நிறுத்துவதற்கு அது அவகாசம் தரும். ரேடியேற்றரில் நீரே இல்லாவிடில் இதனால் பயனில்லை. சூடாயிருக்கும் ரேடியேற்றரின் மூடியை எக்காரணங்கொண்டும் திறக்கவும் கூடாது.

புளோவர் பழுதானால் மோட்டர் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்று சொல்பவர் பலர். மாற்றுவதற்கு முன்பு நோயைக் கேட்டறிதல் வேண்டும். புளோவர் தன் நோயைத் தானே சொல்லும்.

நான்காம் எண்ணில் மட்டும் ஊதி, மற்றவற்றில் ஊதாவிடில் மோட்டர் நலமாகவே இருக்கிறது. ரெசிஸ்டர் என்னும் மின்தடைச் சுருள்தான் அறுந்திருக்கும். வேகத்தைக் குறைப்பதற்காக மின்சாரத்தை அச்சுருளினூடே அனுப்புகிறார்கள். நான்காம் எண்ணில் மட்டும் மின்சாரம் அதைத் தொடாது நேரே செல்கிறது. மாறாக, கீழ் எண்களில் ஊதி நான்கில் ஊதாவிடில், சுவிச்சையோ உச்ச வேகத்துக்கான ரிலேயையோ சந்தேகிக்க வேண்டும். மோட்டரின் கூட்டை விரலால் தட்டினால் சுழலத் தொடங்குகிறதாயின், உள்ளிருக்கும் கரித்துண்டுகள் தேய்ந்துவிட்டன. சடசடவென்று ஒலித்தால் சருகு சிக்கியிருக்கிறது. கீச்சென்று அழுதால் அச்சு உலர்ந்திருக்கிறது. மோட்டர் நன்றாகச் சுழலும் ஓசை கேட்டும் காற்று வராவிடில், காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கும் அல்லது உட்கதவு திறவாதிருக்கும். எந்த எண்ணிலும் அசைவில்லையாயின் பியூஸ், ரிலே, வயர் இணைப்பு, மோட்டர் என்ற வரிசையில் பார்த்துவர வேண்டும்.

தானாகவே வெப்பநிலையைச் சரிசெய்யும் புதிய கார்களில் ரெசிஸ்டருக்குப் பதிலாக ஓர் இலத்திரனியல் உறுப்பு உண்டு. அவற்றுக்கு இந்த எண் கணக்குப் பொருந்தாது.

இதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. திருப்புளி ஒன்று, பியூஸ் பிடுங்கும் சிறு கிடுக்கி ஒன்று, சோதனை விளக்கு ஒன்று. பன்னிரண்டு வோல்ற்றுக்குரிய 5 வாற்று வாகன பல்ப் ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்தால் சோதனை விளக்கு தயார். ஒரு வயரை வாகன உடலின் பூச்சில்லாத உலோகத்தில் தொடுத்து, மறு நுனியால் மின்சாரம் வரவேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எரிந்தால் மின்சாரம் அவ்விடம் வரை வந்திருக்கிறது. எங்கே எரியாது போகிறதோ, அதற்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் இடையில்தான் பழுது இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் எங்கே நின்றது என்று வரம்போடு நடந்து பார்க்கும் கமக்காரனுக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. காற்றுப்பை உள்ள வாகனங்களில் மஞ்சள் உறை போட்ட வயர்களைச் சோதனை விளக்கால் தொடவே கூடாது. டாஷ்போட்டைக் கழற்றுமுன் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இயந்திரம் ஓடுகையில் மூடிய கொட்டகைக்குள் வேலை செய்வதும் ஆபத்தானது.

மறுநாட் காலை நாமும் இந்த வரிசைப்படியே பார்த்தோம். பியூஸ் உருகியிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்த இளைஞர் ஒருவர், “அண்ணை, ரெண்டு வயர் முறுக்கிப் போட்டா இனி எரியாது” என்று யோசனை கூறினார். உண்மைதான். பியூஸ் எரியாது. அதற்குப் பதிலாக வாகனம் எரியும். வயர் சூடேறித் தீப்பற்றுமுன் தன்னை மாய்த்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பதே பியூஸின் தொழில். அதைத் தண்டிப்பது, திருடன் வந்தான் என்று குரைத்த நாயை அடிப்பதற்கு ஒப்பாகும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும், அதிக அம்பியர் கொண்ட பியூஸைச் செருகுவதும் அவ்வாறானவையே.

எனவே அதே அளவான புதிய பியூஸைப் போட்டோம். புளோவர் முனகிக்கொண்டு மெல்லச் சுழன்றது. சில நிமிடங்களில் அந்தப் பியூஸும் உருகிற்று. இங்கேதான் நோயின் வேர் புலப்படத் தொடங்கிற்று. மோட்டர் வேகமாகச் சுழலும்போது, வரும் மின்சாரத்தை எதிர்க்கும் ஓர் அழுத்தம் அதனுள்ளேயே பிறந்து, மின்னோட்டத்தை அளவோடு வைத்திருக்கும். சுழற்சி தடைப்பட்டால் அந்த எதிர்ப்பு குறைந்து மின்னோட்டம் பெருகும். சேற்றில் சக்கரம் புதைந்த வண்டியை இழுக்கும் மாடு, அடி நகராமலே ஆற்றலையெல்லாம் செலவிடுவது போன்றது இது. ஆகவே பியூஸ் குற்றவாளியன்று, சாட்சி மட்டுமே. மோட்டரை ஏதோ தடுக்கிறது.

இடப்பக்கத்துச் சிறு பெட்டியைக் கழற்றினோம். மூன்று திருகாணிகளை நீக்கியதும் மோட்டர் கீழ்நோக்கி வந்தது. சிறகுச் சக்கரத்தை விரலால் சுழற்றினால் அரைச் சுற்றுக்கூடச் சுழலவில்லை. உள்ளே பார்த்தோம். வேப்பஞ் சருகு, நெல் உமி, வீதிக் கிரவலின் செந்தூசி, இவற்றை எல்லாம் சேர்த்துத் துணி நூலால் கட்டிய எலிக்கூடு ஒன்று! முன் கண்ணாடியின் கீழேயுள்ள காற்றுத் துவாரத்தின் வழியாக எல்லாம் உள்ளே இறங்கியிருந்தன. எமது வான் பழையதாகையால் காற்று வடிகட்டியும் கிடையாது.

எலியின் எச்சத்தை வெறுங்கையால் தொடலாகாது. எலிக் காய்ச்சல் நமது கமக்காரர்களுக்குப் புதியதன்று. கையுறை அணிந்து, வாயையும் மூக்கையும் மூடி, தூசி பறவாதபடி சவர்க்கார நீர் தெளித்துக் கூட்டை எடுத்தோம். மோட்டரில் நீர் படவிடவில்லை. சிறகுகளின் இடுக்குகளைப் பழைய பற்தூரிகையால் துப்புரவு செய்தோம். அச்சு நுழையும் இடத்தில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி மட்டும் விட்டோம். எண்ணெய் கரித்துண்டுகளில் படலாகாது. கரித்துண்டுகள் இன்னும் தேயாமல் இருந்தன. இப்போது விரலால் சுண்டியதும் சக்கரம் பல சுற்றுச் சுழன்றது. மீண்டும் பூட்டிப் புதிய பியூஸைப் போட்டுச் சுவிச்சை நான்குக்குத் திருப்பினோம். காற்று முகத்தில் அறைந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டும் பியூஸ் உருகவில்லை.

பழைய பழுது மட்டும் எஞ்சியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்றில் இன்னும் காற்று வரவில்லை. காற்றுக் குழாயின் பக்கத்தில் இரண்டு திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருந்த ரெசிஸ்டரைக் கழற்றினோம். அதிலுள்ள வெப்பப் பியூஸ் அறுந்திருந்தது. அதன் வயர் இணைப்பியின் பிளாஸ்ரிக்கும் பழுப்பேறி உருகியிருந்தது. ரெசிஸ்டரை ஏன் காற்றுக் குழாய்க்குள் வைத்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம். வேலை செய்யும்போது அது கடுமையாகச் சூடேறும். புளோவர் ஊதும் காற்றே அதைக் குளிரச் செய்கிறது. சருகும் உமியும் காற்றைக் குறைத்தபோது, குளிர்ச்சியின்றி முதலில் ரெசிஸ்டர் மாண்டது. அதுவே எமக்கு வந்த முதல் எச்சரிக்கை. அதை நாம் பொருட்படுத்தாதிருக்க, அடைப்பு மேலும் வளர்ந்து மோட்டரையே பிடித்துக்கொண்டது. இறுதியில் பியூஸ் உருகிற்று. அதுவும் மழை பெய்த இரவில், பிள்ளை முட்டு இழுத்துக்கொண்டிருந்த வேளையில்.

கிளிநொச்சிப் பட்டினத்தில் புதிய ரெசிஸ்டரும் இணைப்பியும் வாங்கிப் பூட்டினோம். புதிய மோட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவே. இதில் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். முதல் எச்சரிக்கை வந்தபோது ரெசிஸ்டரை மட்டும் மாற்றியிருந்தால், அடைப்பு அவ்வாறே இருக்க, புதியதும் சில மாதங்களில் மாண்டிருக்கும். மோட்டரைப் புதிதாக மாற்றியிருந்தாலும் அடுத்த ஆண்டு அதே சருகு அதிலும் இறங்கியிருக்கும். பழுதானது ரெசிஸ்டர். பழுதாக்கியது, காலபோக அறுவடையில் நெல் உலர்த்தும் முற்றத்தின் ஓரமாக, வேப்பமரத்தின் கீழ் வாகனத்தை நிறுத்திய எமது வழக்கம். ஆதலால் திருத்தத்தின் கடைசி வேலை திருப்புளியால் செய்ததன்று. வானை வேறிடத்தில் நிறுத்தத் தொடங்கினோம். காற்றுத் துவாரத்தின் மேல், காற்றைத் தடுக்காத, எலி புகாத கம்பி வலை ஒன்றைப் பொருத்தினோம்.

இவ்வாறு காரணத்தைத் தேடும் பழக்கம் வன்னிக்குப் புதியதன்று. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எரிபொருளும் பற்றறியும் இங்கு அரும்பொருள்களாக இருந்தன. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அக்காலத்துக் கைவினைஞர் ஒருவரிடம் பழுதான பொருளைக் கொடுத்தால், அதை மாற்றிவிடலாம் என்ற சொல் அவர் வாயில் வராது. மாற்றுவதற்குப் பொருள் ஏது? ஏன் பழுதாயிற்று என்று கண்டறிந்தாலொழிய வண்டி நகராது.

ஏ-9 வீதி 2002 இல் திறந்தது. 2006 இல் மறுபடியும் மூடியது. 2009 இல் போர் முடிந்த பின்னர் யப்பான் வாகனங்களும் உதிரிப்பாகக் கடைகளும் பெருகின. இது நல்லதே. தட்டுப்பாட்டைப் போற்றுபவர் அதில் வாழ்ந்தறியாதவராகவே இருப்பர். ஆயினும், பொருள் கிடைக்கிறது என்பதற்காகக் காரணம் தேடும் பழக்கத்தைக் கைவிடுதல் தகுமா? கழற்றி எறிந்து புதியதைப் பூட்டுவது கைவேலை. எது அதைக் கெடுத்தது என்று கேட்பதே திருத்தவேலை.

வாசகர்கள் செய்ய வேண்டியது சிறிதே. ஐப்பசி பிறந்து வாடைக்காற்றோடு மழை தொடங்குமுன், ஒரு மாலைப்பொழுதில் வாகனத்தில் அமர்ந்து புளோவரை ஒன்றிலிருந்து நான்கு வரை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். கண்ணாடிப் பக்கம் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஓர் எண் ஊமையாக இருந்தால் மற்ற மூன்றும் பேசுகின்றனவே என்று எம்மைப் போல ஆறுதல் கொள்ளாதீர்கள்.

அந்தச் சிறுவன் இப்போது பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எமது வானைக் கண்டால் ஏறிக்கொள்வான். ஏறியதும் முதல் வேலையாகப் புளோவரின் சுவிச்சைத் திருப்பி, “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு” என்று எண்ணிப் பார்ப்பான். நாலும் ஊதிய பிறகுதான் புறப்படலாம் என்று எமக்கு அனுமதி தருவான்.